மேல் பாதி

தொட்டியின் நடுவே மார்க்கரால் ஒரு கோடு.
மேலே போனால் பயமில்லை,
கீழே கிடந்தால் பயம்.
இவ்வளவுதான் கணக்கு என்றார் வால்டிரேனி
முதல் நாள், கையுறையைக் கழற்றியபடி.

புது இடத்தில் விட்டால் வரிமீன்
கல்லைப் போல அடிக்கு இறங்கும்.
அங்கேயே நிற்கும்,
செவுள் மட்டும் திறந்து மூட.
பிறகு கொஞ்சம் கொஞ்சமாக
மேலே என்ன இருக்கிறதென்று பார்க்க வரும்.
மருந்து வேலை செய்தால் சீக்கிரம் வரும்.
ஒரு மீனுக்கு ஆறு நிமிடம்.
ஒரு நாளைக்கு நாற்பது மீன்.
நான் கடிகாரத்தை அழுத்துகிறவள்.

எந்தக் குடுவையில் மருந்து, எதில் வெறும் தண்ணீர்
எனக்குத் தெரியக் கூடாது.
மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒட்டியிருக்கும்.
அடுத்த அறை எட்வீனோவுக்குத்தான் தெரியும்.
என்னோடு மாத்தே குடிக்கும்போதுகூட
முகத்தைத் திருப்பிக்கொள்வான்,
உதட்டில் விடை ஒட்டியிருப்பதுபோல.

மஞ்சள் பதினேழு: பதினொரு நொடி.
மஞ்சள் பதினெட்டு: வரவேயில்லை.
பச்சை மூன்று: இரண்டு நிமிடம் நாற்பது.

மே மாதம் தாக்குவாரி
கரை எதுவென்று மறந்தபோது
நாங்கள் எல்லாரும் மேல் பாதிக்குப் போனோம்.
மேசைமேல், பிறகு அலமாரிமேல்,
பிறகு ஓடுகளைப் பிரித்துக்கொண்டு கூரைமேல்.
இரண்டு இரவு.
பக்கத்துக் கூரையில் ஜான்டிர்,
இரண்டு கோழி, தையல் மிஷினைக் கட்டிக்கொண்டு
அவன் மனைவி.
யாராவது எங்களைப் படமெடுத்து
கோட்டுக்கு மேலிருந்த நொடிகளைக் கூட்டியிருந்தால்
எங்களைவிடப் பயமற்ற ஊர் கிடையாது.

இதை வால்டிரேனியிடம் சொன்னேன்.
அவர் வீடு மேட்டில் இருக்கிறது.
"அது வேற இனம்" என்றார்,
பிறகு நெடுநேரம் கையிலிருந்த பைப்பெட்டையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் டாக்டர்
எனக்குச் சொட்டு மருந்து எழுதினார்.
படுக்கும்முன் அரை டம்ளர் தண்ணீரில் ஐந்து.
நான் குடிக்கிறேன், மீன்கள் அதிலேயே நீந்துகின்றன.
யாருமில்லாத நேரத்தில் குடுவைகளை
முகர்ந்து பார்த்திருக்கிறேன்,
என் டம்ளரின் வாசம் எதில் என்று.
மூன்றிலும் தண்ணீர் வாசம்தான்.
இப்போதெல்லாம் அதுவே எனக்கு
வயிற்றைப் புரட்டுகிறது.

நீலம் ஒன்பது
வலையிலிருந்து விழுந்த உடனே மேலே போனது.
அடியைத் தொடவேயில்லை.
நீர்ப்பரப்பில் வாயை ஒட்டிக்கொண்டு
மூலைக்கு மூலை, மூலைக்கு மூலை.
ஐந்து நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.
எழுதும்போது என் கை நடுங்கியது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை நிறங்களைத் திறந்தார்கள்.
பச்சை மருந்து.
மஞ்சள் அதே மருந்தில் கால் அளவு.
நீலம் வெறும் தண்ணீர்.
எட்வீனோவின் திரையில் நீலப் புள்ளிகள்
கீழே மந்தையாக,
ஒன்று மட்டும் உச்சியில் தனியே.
"இதை எடுத்துடலாமா?" என்றான்.
காரணம் எழுதினால் எடுக்கலாம்.
நோய், அல்லது அடி, அல்லது வலையில் தவறு.

படத்தைத் திரும்ப ஓட்டினேன்.
பயமில்லாத மீன் இப்படி நீந்தாது என்று
சத்தியம் செய்வேன்.
சத்தியத்துக்கு அலகு கிடையாது.
இருக்கட்டும், நீலம் ஒன்பதும் இருக்கட்டும் என்றேன்.
எட்வீனோ தோளைக் குலுக்கினான்.
சராசரி கொஞ்சம் கெட்டது.

என் சமையலறைச் சுவரில் சேற்றுக் கோடு.
இரண்டு முறை வெள்ளை அடித்தும்
மூன்றாம் வாரம் பழுப்பாக எழுந்துவிட்டது
கழுத்து உயரத்தில்.
இன்று சாயங்காலம் தரையில் உட்கார்ந்து
மரவள்ளி உரித்தேன்,
கோட்டுக்கு வெகு கீழே.
ஓடு பதித்த தரை சில்லென்றிருந்தது.
வெளியே தூறல் வலுக்கிறதா என்று
கழுத்தைத் தூக்கிக் கேட்டேன், ஒருமுறை.
தோலைக் கூடையில் போட்டுவிட்டு
அடுத்த கிழங்கை எடுத்தேன்.